பட்டறையும் பாக்கெட்டும்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் செட்டிகுளம், நாட்டார்மங்கலம், இரூர் பக்கம் போகிறவர்கள் கண்ணில் வயலோரத்துக் கூரைகள் கட்டாயம் படும். ஆள் குடியிருக்கும் குடிசை போல இருக்காது. நீளமாக, குறுகலாக, தாழ்ந்து நிற்கும். கீழே கல் அடுக்கி அதன்மேல் கழி பரப்பியிருப்பார்கள். இரு பக்கமும் மிலாறு வைத்துக் கட்டிய படல். மேலே தென்னங்கீற்று அல்லது கரும்புத் தோகை. காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்று பார்த்துத்தான் இடம் பிடிப்பார்கள். உள்ளே குவிந்து கிடப்பது சின்ன வெங்காயம். ஊர்ப்பேச்சில் இதற்குப் பட்டறை என்று பெயர்.

பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு காயவைத்துப் பட்டறையில் போட்டால் மூன்று நான்கு மாதம் தாங்கும். விலை பார்த்து விற்க ஒரு பங்கு. அடுத்த பட்டத்துக்கு விதையாக ஒரு பங்கு. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதை வெங்காயம் நட வேண்டியிருப்பதால் இந்த இரண்டாவது பங்கு லேசான சமாச்சாரம் அல்ல. ஒரு காய் அழுகினால் பக்கத்தில் கிடப்பதும் கெடும். ஆகவே அவ்வப்போது படலை விலக்கிக் கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் ஒரு மாதிரி, சூடு தட்டினால் ஒரு மாதிரி. பழகிய மூக்கு, படலைத் திறப்பதற்கு முன்பே அழுகலைச் சொல்லிவிடும்.

அதே விவசாயியின் வீட்டு எரவாணத்தில் வேறொன்றும் செருகியிருக்கும். பருத்தி விதை பாக்கெட், மக்காச்சோள விதைப் பை. பளபளக்கும் தாளில் வெடித்த பஞ்சும் பருத்த கதிரும் அச்சிட்டிருக்கும். பருத்திப் பாக்கெட்டின் எடை 475 கிராம். உள்ளே இருப்பது மருந்து தடவிச் சாயம் ஏற்றிய விதை, தின்னக் கூடாது என்ற எச்சரிக்கையோடு. இந்த விதையிலிருந்து எவ்வளவு பருத்தி விளைந்தாலும் அடுத்த ஆண்டுக்கு அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வைக்க முடியாது. மறுபடியும் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஒரே நிலம், ஒரே கை. ஒரு பயிருக்கு விதை பட்டறையிலிருந்து வருகிறது, மற்றதற்குப் பாக்கெட்டிலிருந்து. இரண்டும் இப்படிப் பிரிந்து போனது ஏறத்தாழ நூறு வருஷத்துக் கதை.

வாங்கியவர் மறுபடி வாங்க வேண்டும் என்றே பொருளின் ஆயுளைக் குறைத்து வைப்பதற்குத் திட்டமிட்ட காலாவதி என்று பெயர். அந்தப் பேச்சை எடுத்தால் எல்லோரும் பல்பிலிருந்துதான் தொடங்குவார்கள். காரணம் இருக்கிறது. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்தன. அதுவரை 1,500 மணி நேரம், 2,000 மணி நேரம் என்று எரிந்துகொண்டிருந்த பல்பை 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியாதபடி செய்வது என்று முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் பல்பையும் சோதித்து, அதிக நேரம் எரிந்தால் அபராதம் போட்டார்கள். தரம் கூடியதற்காகத் தண்டம் கட்டிய விசித்திரம் அது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் வருஷத்துக்கு ஒரு மாடல் என்ற வழக்கத்தைக் கார் வியாபாரத்தில் நிலைநாட்டினார். ஓடுகிற காரைப் பழசாக்க அதன் எஞ்சினைக் கெடுக்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டு வாசலில் புதுசு நின்றால் போதும். 1932-இல், பெருமந்தம் உலகை வாட்டிய நேரத்தில், பெர்னார்ட் லண்டன் என்ற நியூயார்க் தரகர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கமே ஆயுளை நிர்ணயிக்க வேண்டும், அதற்கு மேல் வைத்திருப்பவரிடம் வரி வாங்க வேண்டும் என்பது அவர் யோசனை. திட்டமிட்ட காலாவதி என்ற தொடரைத் தலைப்பிலேயே வைத்திருந்தார்.

பல்பும் காரும் செய்பொருள்கள். என்ன செய்தாலும் ஒருநாள் தேயும். விதை அப்படியல்ல. ஒன்றைப் போட்டால் நூறாகி வரும். விற்றவரிடம் திரும்பி வர வேண்டிய தேவையே வாங்கியவருக்கு இல்லை. ஒருமுறை விற்றால் அத்தோடு வாடிக்கையாளரை இழந்துவிடும் சரக்கு உலகில் உண்டென்றால் அது விதைதான். அந்தச் சரக்குக்கும் ஆயுள் குறிக்கும் வழி, பல்பு கூட்டணிக்கும் சில ஆண்டுகள் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டது.

1908-இல் ஜார்ஜ் ஷல் என்ற அமெரிக்க ஆய்வாளர் மக்காச்சோளத்தில் ஒன்றைக் காட்டினார். ஒரு செடியைத் தன் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாகச் சேரவிட்டால் அது நோஞ்சானாகிவிடும். அப்படிப்பட்ட இரு நோஞ்சான் வரிசைகளைக் கலப்புச் செய்தால் பிறக்கும் முதல் தலைமுறை திமிறிக்கொண்டு வளரும். நம் வேளாண் துறை இதைத்தான் வீரிய ஒட்டு என்கிறது. ஊரில் ஹைபிரிட். இந்த வீரியம் ஒரு தலைமுறையோடு சரி. அதன் விதையை எடுத்து விதைத்தால் முளைக்கும், ஆனால் பெற்றோர் குணம் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோகும். ஒன்று இடுப்புயரம், ஒன்று தோளுயரம். ஒன்று முன்னே பூக்கும், ஒன்று பின்னே. இதன் வியாபார அர்த்தம் விஞ்ஞானிகளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. எட்வர்ட் ஈஸ்ட், டொனால்ட் ஜோன்ஸ் இருவரும் 1919-இல் எழுதிய நூலில், இது விவசாயிகளைவிட விதை விற்பவர்களுக்கே உகந்த முறை என்றும், தான் உருவாக்கிய விதையின் முழுப் பலனும் விதை வியாபாரிக்குக் கிடைப்பது விவசாய வரலாற்றில் இதுவே முதல் தடவை என்றும் வெளிப்படையாகவே குறிப்பிட்டார்கள். 1926-இல் ஹென்றி வாலஸ் ஹைபிரிட் மக்காச்சோள விதைக்கென்றே கம்பெனி தொடங்கினார். பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் அயோவா மாநிலத்து மக்காச்சோளக் காடு ஏறக்குறைய மொத்தமும் ஹைபிரிட்டாக மாறியது.

பெரம்பலூர்க் கரிசலுக்கு அந்தக் காற்று வந்துசேர இன்னும் நாள் இருந்தது.

பெரம்பலூரை ஒட்டிய அரியலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சிமெண்ட் ஆலை ஞாபகம் வரும். சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லும், பருத்திக்குப் பேர்போன கரிசலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன களிமண்ணும் சுண்ணாம்பும்தான் இன்றைய காரை, குன்னம், அரியலூர் வட்டாரத்து மண். மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், ஆனால் உள்ளே ஈரத்தை விடாது. கிணறு இல்லாத மானாவாரியிலும் பருத்தி நின்றது அந்த ஈரத்தின் தயவில்.

அப்போது நின்ற பருத்தி வேறு. 1947-இல் இந்தியாவின் பருத்திப் பரப்பில் 97 விழுக்காடு நாட்டு இனங்களே. தமிழ்நாட்டில் உப்பம் என்றும் கருங்கண்ணி என்றும் நாட்டுப் பருத்திக்குப் பெயர்கள் இருந்தன. சின்னக் காய், குட்டை இழை, ஆழமான வேர். மழை பொய்த்தாலும் சுருண்டு விழாது, சாறு உறிஞ்சும் பூச்சிகள் அவ்வளவாக அண்டாது. பஞ்சைப் பிரித்த பிறகு கொட்டை வீட்டிலேயே தங்கியது. மணையில் இரண்டு உருளைகளுக்கு நடுவே பருத்தியைக் கொடுத்துத் திருகினால் பஞ்சு அந்தப் பக்கம் போகும், கொட்டை இந்தப் பக்கம் விழும். அதில் பெரும்பகுதி ஊறவைத்து ஆட்டி மாட்டுக்கு. கொஞ்சம் பருத்திப்பாலுக்கு. திரட்சியானதாகப் பார்த்து ஒதுக்கியது விதைக்கு.

விதைப்புக்கு முந்தின நாள் வேலை ஒன்று உண்டு. பருத்திக் கொட்டையின் மேல் ஒட்டிய பஞ்சிழை அப்படியே இருக்கும். கையில் அள்ளினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கொத்தாக வரும். அதைச் சாணிப்பாலில் புரட்டி, சாம்பலோ செம்மண்ணோ தூவி, சாக்கின் மேல் உள்ளங்கையால் உருட்டி உருட்டித் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கப் பஞ்சிழை படிந்து, ஒவ்வொரு கொட்டையும் தனித்தனி மணியாகும். காய்ந்த பிறகு விரலிடுக்கில் ஒவ்வொன்றாக நழுவி விழும். பெண்களும் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து செய்த வேலை. கையில் சொத்தை பட்டால் எறிந்துவிடுவார்கள். அந்தத் திண்ணைதான் அன்றைக்கு விதைச் சோதனைக்கூடம். மாரியம்மன் திருவிழாவில் எடுக்கும் முளைப்பாரியையும் சிலர் இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதுண்டு: எந்த வீட்டு விதை எப்படி முளைக்கிறது என்று ஊரே கூடிப் பார்க்கும் ஏற்பாடு அது என்று.

நாட்டுப் பருத்தியைப் பழசாக்கியது ஹைபிரிட் அல்ல. அதற்கு முன்பே ஆலை வந்துவிட்டது. மான்செஸ்டரிலும் பிறகு கோயம்புத்தூரிலும் ஓடிய நூற்பு எந்திரங்கள் நீண்ட இழையைக் கேட்டன. குட்டை இழை என்பது கைராட்டையில் குறையே அல்ல. எந்திரத்தின் அளவுகோலில்தான் அது குறையாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி என்ற அமெரிக்க இனம் மதராஸ் மாகாணத்துக்குள் வந்தது. அதிலிருந்து கோயம்புத்தூர்ப் பண்ணையில் எம்.சி.யு. வரிசை பிறந்தது. மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்பதன் சுருக்கம். 1968-இல் வந்த எம்.சி.யு. 5 தமிழ்நாடெங்கும் பேர் வாங்கியது. 1980களில் எல்.ஆர்.ஏ. 5166 மானாவாரிக் காடுகளில் பரவியது. இன்னொரு மாற்றமும் கூடவே நடந்தது. அரவை ஆலைக்குப் போன பருத்தியின் கொட்டை விவசாயி வீட்டுக்குத் திரும்பவில்லை. பல ஊர்ப் பருத்தி ஆலையில் கலந்து, எது யார் விதை என்றே தெரியாமல் எண்ணெய்க்கும் தீவனத்துக்கும் போயிற்று. விதைக்கும் வீட்டுக்கும் இருந்த தொடர்பு அங்கே பாதி அறுந்தது.

பாதிதான். எம்.சி.யு. 5 விதையையும் எல்.ஆர்.ஏ. விதையையும் ஒருமுறை வேளாண் துறையில் வாங்கினால் சில ஆண்டுகள் சொந்தமாக எடுத்து விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம். அவை ரகங்கள், ஒட்டுகள் அல்ல. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

பருத்தியில் ஹைபிரிட்டை உலகில் முதன்முதலாக வியாபார அளவுக்குக் கொண்டுவந்த நாடு இந்தியா. 1970-இல் சூரத்தில் சி.டி. படேல் உருவாக்கிய ஹைபிரிட்-4, இரண்டு ஆண்டு கழித்துத் தார்வாடில் கட்டார்கி உருவாக்கிய வரலட்சுமி. இரண்டும் அரசுத் துறை விஞ்ஞானிகளின் சாதனை. இழை நீளம், விளைச்சல் அதிகம், கை நிறையக் காசு. விவசாயிகள் ஏமாந்துபோய் வாங்கினார்கள் என்று சொல்வது அவர்களை அவமதிப்பது. கணக்குப் பார்த்துத்தான் வாங்கினார்கள். ஆனால் அன்றைக்குப் போட்ட கணக்கில் வராத ஒன்று, இந்த விதையை ஆண்டுதோறும் யாரோ செய்து தர வேண்டும் என்பது.

செய்வது எப்படி என்று பார்த்தால்தான் பாக்கெட்டின் விலை புரியும். பருத்திப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருக்கும், தானே சேர்ந்துகொள்ளும். அதைத் தடுக்க, மறுநாள் மலரப்போகும் மொட்டை முந்தின நாள் மாலையே பிடித்து, நகத்தால் இதழையும் மகரந்தக் குழலையும் சூலகம் சிதையாமல் உரித்தெடுக்க வேண்டும். மறுநாள் காலையில் ஆண் வரிசையிலிருந்து பூவைப் பறித்து வந்து அந்த மொட்டின் சூல்முடியில் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் இப்படி. இரண்டு மூன்று மாதம், தினமும். இதற்கு ஓர் எந்திரமும் கிடையாது. செடியின் உயரத்துக்கும் வேலையின் நுணுக்கத்துக்கும் ஏற்றவர்கள் என்று சிறுமிகளை இந்த வேலைக்கு இறக்கியது ஆந்திரத்திலும் குஜராத்திலும் கர்நாடகத்திலும் பெரிய அவப்பெயரானது. தமிழ்நாட்டில் பெரம்பலூருக்குப் பக்கத்துச் சேலம் மாவட்ட விதைக் காடுகளும் அந்தக் குற்றச்சாட்டுக்குத் தப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய விரல்கள் உரித்த மொட்டுகள் அவை. கூலி குறைவாக இருந்ததால்தான் இந்தியாவில் ஹைபிரிட் பருத்தி கட்டுபடியானது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சீனாவிலும் பருத்தி பெரும்பாலும் ரகமாகவே நீடித்ததற்கு அந்தக் கூலிக் கணக்கும் ஒரு காரணம்.

1988-இல் மத்திய அரசின் புதிய விதைக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. பெரம்பலூர் எல்லைக்கு அடுத்த ஆத்தூரில் 1973-இல் தொடங்கிய ராசி சீட்ஸ் நாட்டின் பெரிய பருத்தி விதை நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. 2002 மார்ச் 26 அன்று பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. முதலில் மஹிகோ-மான்சாண்டோ கூட்டு நிறுவனத்தின் மூன்று ஒட்டுகள். 2004-இல் ராசியின் ஆர்.சி.எச். 2. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே சுரக்கும் என்பது பி.டி.யின் சிறப்பு. பத்தே ஆண்டில் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பி.டி. ஒட்டு பிடித்துக்கொண்டது. 2002-03-இல் 136 லட்சம் பேலாக இருந்த உற்பத்தி 2013-14-இல் 398 லட்சத்தைத் தொட்டது. வேப்பந்தட்டை, வேப்பூர், குன்னம் பக்கத்துக் காடுகளில் வீட்டு விதை என்ற பேச்சே நின்றுபோனது இந்தக் காலத்தில்தான்.

அமெரிக்காவில் மான்சாண்டோ பி.டி. பருத்தியை ரகமாகவே விற்றது. அங்கே விவசாயி விதை எடுத்து வைக்காதபடி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சோயா விதையில் காப்புரிமையை மீறி மறுவிதைப்புச் செய்த இந்தியானா விவசாயி ஒருவருக்கு எதிராக 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இந்தியாவில் அந்த வழி செல்லாது. 2001-இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விதையை எடுத்து வைக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் பிராண்ட் பெயர் இல்லாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. மலட்டு விதைத் தொழில்நுட்பத்துக்கு, அதாவது 1998-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி உலகையே கலவரப்படுத்திய டெர்மினேட்டருக்கு, அதே சட்டம் தடை போட்டிருக்கிறது. உலகிலேயே விவசாயிக்கு இவ்வளவு தாராளமான விதைச் சட்டம் அரிது. ஆனால் வயலில் நின்றது ஒட்டு. மறுபடி விதைக்கும் உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தது. மறுபடி விதைக்கத் தகுந்த விதை கையில் இல்லை. டெர்மினேட்டர் இந்த நாட்டுக்குள் வரவே இல்லை. வர வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

விலைக் கணக்கு இன்னும் கசப்பானது. தொடக்கத்தில் 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய். அதில் 1,250 ரூபாய் மரபணுவுக்கான கட்டணம். 2006-இல் ஆந்திர அரசு ஏகபோகத் தடுப்பு ஆணையத்துக்குப் போய்ப் போராடி விலையை 750-க்கு இறக்கியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2015 டிசம்பரில் மத்திய அரசே விலைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது, 2020-இல் மரபணுக் கட்டணம் பூஜ்யமானது. 2024-இல் 475 கிராம் பாக்கெட்டின் உச்ச விலை 864 ரூபாய். கிலோவுக்குக் கணக்கிட்டால் 1,800 ரூபாய்க்கு மேல். அதே ஆண்டு நீண்ட இழைப் பருத்திக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,521 ரூபாய், அதாவது கிலோ 75 ரூபாய். அந்த ஒரு கிலோவின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொட்டை. அந்த ஆண்டு விவசாயி கொட்டையும் பஞ்சுமாகச் சேர்த்து 75 ரூபாய்க்கு விற்று, கொட்டையை மட்டும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார்.

மாடல் மாற்றுவதும் கூடவே வந்தது. பத்தாண்டுக்குள் அனுமதி பெற்ற பி.டி. ஒட்டுகள் ஆயிரத்தைத் தாண்டின. பெயரில் வேறாகவும் வயலில் ஒன்றாகவும் இருந்தவை எத்தனையோ. சுவரில் புது விளம்பரம், கடையில் புதுப் பாக்கெட், போன வருஷம் நன்றாக விளைந்த பெயர் இந்த வருஷம் கடையிலேயே இல்லை. க்ளென் டேவிஸ் ஸ்டோன் என்ற மானுடவியலாளர் தெலங்கானாவின் வாரங்கல் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் இதைக் கவனித்து 2007-இல் எழுதினார். ஊரே ஒரு வருஷம் ஒரு பெயரின் பின்னால் ஓடும், மறுவருஷம் அதை விட்டு வேறொன்றுக்குத் தாவும். சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அவகாசம் விவசாயிக்குக் கிடைக்கவில்லை, கைப்பழக்கம் தேய்கிறது என்பது அவர் கண்டது. பெரம்பலூரில் அவர் ஆராயவில்லை. ஆனால் இங்கே உரக்கடையில் கடனுக்கு மருந்தும் விதையும் சேர்த்து வாங்கும் எவரும், இந்த வருஷம் என்ன நடலாம் என்ற கேள்வியைக் கடைக்காரரிடம்தான் கேட்கிறார்கள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்த விஷயம் அது.

செடி சுரந்த நஞ்சுக்கும் ஆயுள் குறைவாகவே இருந்தது. 2006-இல் இரண்டு மரபணு கொண்ட பி.டி., போல்கார்டு 2 என்ற பெயரில் வந்தது. 2010-இல் குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி.யான போல்கார்டை வென்றுவிட்டதை மான்சாண்டோவே ஒப்புக்கொண்டது. சில ஆண்டில் இரண்டாவதும் தோற்றது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பூச்சி தன் பாட்டுக்குப் பழகிக்கொண்டது. ஆனால் பழகுவதற்கு வசதி செய்து கொடுத்ததில் ஒட்டுக்குப் பங்கு உண்டு. நீண்ட நாள் பயிர் என்பதால் புழுவுக்கு வருஷத்தின் பெரும்பகுதி சோறு கிடைத்தது. ஒட்டுச் செடியின் காய்க்குள் சில விதையில் நஞ்சு இருக்கும், சிலவற்றில் இராது. அரைகுறை நஞ்சைத் தின்று தப்பிய புழுக்களே பெருகின. மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் கே.ஆர். கிராந்தி இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 2020-இல் அவரும் ஸ்டோனும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, பி.டி.க்கு முன்பு செலவழித்ததைவிட அதிகமாகவே விவசாயிகள் இப்போது பூச்சி மருந்துக்குச் செலவழிக்கிறார்கள் என்று காட்டியது.

2017 இலையுதிர்காலத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளும் கொத்தாக இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. அதே சமயம் பெரம்பலூரிலும் பருத்திக் காட்டில் மருந்தடித்தவர்கள் சிலர் உயிரிழந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஆளுயரம் வளர்ந்த செடி; தலைக்கு மேல் பீய்ச்சிய மருந்து முகத்திலேயே விழும். பூச்சி மருந்து குறையும் என்ற வாக்குறுதியோடு வந்த செடி அது. பதினைந்து வருஷத்தில் இந்த இடத்துக்கு வந்து நின்றது.

மாற்று ஒன்று முளைத்தது, பிழைக்கவில்லை. பிகானேரி நர்மா பி.டி. என்ற பெயரில், விவசாயியே விதை எடுத்து மறுபடி விதைக்கத்தக்க பி.டி. ரகத்தை அரசு விஞ்ஞானிகள் உருவாக்கி 2009-இல் விற்பனைக்கு விட்டார்கள். அதில் மான்சாண்டோவின் மரபணு இருப்பது தெரியவந்ததும் அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுத்தப்பட்டது. பொதுத்துறை ஆய்வின் கவனக்குறைவு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சறுக்கலால் கோடிக்கணக்கான பாக்கெட்டுகள் தொடர்ந்து விற்றன. இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வேப்பந்தட்டையிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 17 என்ற குட்டை ரகம், நெருக்கமாக நட்டு, குறைந்த நாளில் அறுவடை செய்ய ஏற்றது. விதை எடுத்து வைக்கலாம். அதை எத்தனை பேர் எடுத்து வைப்பார்கள் என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். விதை எடுக்கும் கையே இரண்டு தலைமுறையாகப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

மக்காச்சோளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரகும் நாட்டுச் சோளமும் நின்ற காடுகளில், நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத் தேவைக்காக அது பரவியது. பெரம்பலூர் இன்று மாநிலத்தின் முன்னணி மக்காச்சோள மாவட்டம். அத்தனையும் பாக்கெட் விதை. ஊர்க் குதிரில் இருந்த வரகு விதை குதிரோடு போயிற்று.

சின்ன வெங்காயம் மட்டும் ஏன் தப்பியது? யாரும் போராடிக் காப்பாற்றவில்லை. அது காயிலிருந்தே முளைப்பது. தாயின் அச்சு அப்படியே பிள்ளையில் வரும், குணம் பிரியாது. ஒட்டு வியாபாரத்துக்கு இங்கே பிடி கிடைக்கவில்லை. இதில் குறை இல்லாமலும் இல்லை. காய்வழி நோயும் கூடவே வரும். திருகல் நோயும் அழுகலும் ஆலத்தூர்ப் பக்கத்து வெங்காயக் காடுகளைப் பலமுறை நொடிக்க வைத்திருக்கின்றன. 600 கிலோ விதைக்கு முதல் போட முடியாதவர்களுக்காகப் பல்கலைக்கழகம் விதையிலிருந்து முளைக்கும் கோ 5 ரகத்தைக் கொண்டுவந்தது. அதுவும் நல்ல வேலைதான். ஆனாலும் பட்டறை நிற்கிறது. விலை விழுந்தால் காத்திருக்க ஓர் இடம், விதை தீர்ந்தால் பக்கத்துப் பட்டறையில் கேட்டு வாங்க ஒரு வழி. மறைந்த நெல் ஜெயராமன் காவிரி டெல்டாவில் பாரம்பரிய நெல் விதையை 2 கிலோ கொடுத்து அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னாரே, அந்த வழக்கத்தின் உறவுக்காரன் இது.

2019 டிசம்பரில் நாடு முழுவதும் வெங்காய விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்போது பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு விவசாயி நடவுக்காக வயலில் மூட்டை கட்டி வைத்திருந்த சுமார் 350 கிலோ சின்ன வெங்காயம் இரவோடு இரவாகத் திருடுபோனது. திருடியவர்களுக்கு அது சந்தைச் சரக்கு, பறிகொடுத்தவருக்கு அடுத்த பட்டம். அது போன்ற விலை ஏற்றத்தில் பட்டறையைத் தனியே விட்டுவைக்க முடியாது. கீற்றுக் கூரையின் பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், டார்ச் லைட், காலடியில் நாய். நள்ளிரவில் காற்று திசை மாறினால் படுத்திருப்பவர் எழுந்து போய்ப் படலை ஒருமுறை விலக்கி, கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறார்.